இரவல் நாக்கு

"நல்ல பீர் எங்கேயுமே இல்லை," என்றான் ஆராவமுதன்.

செலின் மால்ட் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெங்களூர்ல தேடிட்டேன். கோவாவில தேடிட்டேன். இங்கேயே காய்ச்சுறோம்னு போர்டு வெச்ச பப் ஒண்ணையும் விடலை. உங்களோடதையும் இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்."

"அதுவும் இல்லையா?"

"சுமார்."

செலின் தலையாட்டினாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ஆராவமுதனுக்குச் சென்னையில் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை. சனிக்கிழமை வந்தால் பஸ் ஏறிவிடுவான். எந்த ஊர் என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. அந்த வாரம் புதுச்சேரி. கடற்கரைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய பப். காய்ச்சுகிற ஆளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுப் பின்பக்கம் வந்திருந்தான். வயதான வெள்ளைக்காரர் யாராவது இருப்பார் என்று நினைத்தான். தன்னைவிடப் பத்து வயது சின்னவளாக, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு செலின் இருந்தாள்.

"எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை மேடம். எது நல்ல பீர், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்களாவது சொல்லுங்க."

செலின் எழுந்து கையைத் துடைத்தாள்.

"வாயைத் திறங்க."

"என்னது?"

"வாயை."

திறந்தான். அவள் ஃபோன் டார்ச்சைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நாக்கு இருக்கு," என்றாள். "அப்புறம் என்ன?"

அவன் வாயை மூட மறந்து நின்றான்.

அதே நேரம், பிரித்த மூட்டையிலிருந்து வறுத்த தானிய வாசனை எழுந்தது. செலின் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடுவது போல வாந்தி எடுத்தாள்.

ஆராவமுதன் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். அப்போதுதான் அவள் வயிற்றைக் கவனித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள் செலின்.

"மாசமா இருக்கிறதையா? அது பார்த்தாலே தெரியுதே."

"அது எல்லாருக்கும் தெரியும். நாக்கு செத்துப்போனது தெரியாது."

*

அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

குடிக்கக் கூடாது என்பது பிரச்சினை இல்லை. வாயில் வைத்துத் துப்பினாலே போதும், காய்ச்சுகிறவர்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் கரு தங்கியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் ஆணியைச் சப்புவது போல இருக்கிறது. பீர், மோர், பச்சைத் தண்ணீர், எல்லாம் ஒரே ருசி. வெப்பமானியையும் மற்றக் கருவிகளையும் பார்த்துக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். கருவிக்கு ருசி தெரியாது.

முதலாளிக்கு ஏற்கெனவே பாதி மனசு வேறு பக்கம் போயிருந்தது. வெளியிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வாங்கி ஊற்றினால் தலைவலி இல்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சுகிறவளுக்கே ருசி தெரியவில்லை என்றால் அடுத்த நாளே டாங்கிகளைக் கழற்றி விற்றுவிடுவார்.

"இங்க வேலை செய்யறவங்களைக் கேட்கலாமே?"

"கேட்டேன். எதைக் கொடுத்தாலும் சூப்பர்க்காங்கறாங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"கப்பல்ல இருக்கார். வர இன்னும் நாளாகும்."

செலின் அவனைப் பார்த்தாள்.

"நீங்க ஒருத்தர்தான் சுமார்னு சொன்னீங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க. நீங்க கேட்டதைச் சொல்லித்தரேன். என் நாக்கு திரும்புற வரைக்கும் உங்க நாக்கு எனக்கு."

*

அடுத்த சனிக்கிழமை அவள் டாங்கியிலிருந்து ஒரு சின்னக் கிளாஸ் பிடித்துக் கொடுத்தாள்.

ஆராவமுதன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சுழற்றினான். மோந்தான். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான்.

"சிட்ரஸ் நோட்ஸ். பிஸ்கெட் மாதிரி மால்ட். கடைசியில கொஞ்சம் பைன் மரம்."

"பைன் மரத்தை நக்கியிருக்கீங்களா?"

"இல்லை."

"பார்த்திருக்கீங்களா?"

"கொடைக்கானல்ல... பஸ்ஸிலேர்ந்து."

செலின் கிளாஸை வாங்கி, அதில் இருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி பிடித்துக் கொடுத்தாள்.

"நக்கினதை மட்டும் சொல்லுங்க."

அன்று அவனால் எதையும் சொல்ல முடியவில்லை. குடித்தான். வாயைத் திறந்தான். மூடினான். எல்லா வார்த்தையும் எங்கோ யாரோ எழுதிப் படித்ததாக இருந்தது. சாயந்திரம் பஸ்ஸில் போகும்போது, இத்தனை வருஷம் என்னத்தைக் குடித்தோம் என்று நினைத்துக்கொண்டான். அழுகை வரும் போல இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை நீட்டினார். வாங்கி மென்றான். கடைசிக் கடலை லேசாகக் கசந்தது. அது காறல் என்று அவன் நாக்குக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் சொன்னான்.

"வெண்ணெய் காய்ச்சின சட்டி மாதிரி இருக்கு மேடம். அம்மா அடியில இருக்கிற கசண்டை வழிச்சுத் தருவா, அது."

செலின் சட்டென்று நிமிர்ந்தாள். போய் டாங்கியின் குளிரைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் வெதுவெதுப்பா விடணும். ஈஸ்ட் அதைத் தின்னுடும்."

"சரியா சொல்லிட்டேனா?"

"தெரியாது. எனக்குப் புரிஞ்சுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. பரண்மேல் போட்ட கோரைப்பாய் என்றான். காற்றுப் புகுந்துவிட்டது என்று அவள் மூடியின் வளையத்தை மாற்றினாள். டிஞ்சரில் நனைத்த பஞ்சு என்றான். தண்ணீர்த் தொட்டிக்கு யார் குளோரின் போட்டது என்று அவள் சத்தம் போட்டாள். தெளிந்த சாத்தமுது என்று ஒருமுறை சொன்னான். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்க, எங்கள் வீட்டில் ரசத்தை அப்படித்தான் சொல்வோம் என்றான். நல்லதா கெட்டதா என்றாள். நல்லது என்றான்.

அந்த மாதம் நண்பர்களோடு பெங்களூர் போனபோது, ஒரு பப்பில் பழக்கதோஷத்தில், "பச்சைக் கொய்யா, இன்னும் பழுக்கலை," என்று சொல்லிவிட்டான். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது, "பெருங்காயம் புதுசா?" என்று கேட்டான். மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவன் அப்படி எதையும் கேட்டதில்லை.

"ஆமாம்," என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

*

பப்புக்கு முதல் ஆண்டு விழா வந்தது. முதலாளி கலிவரதன் ஒரு புதுப் பீர் கேட்டார். வேறு எங்கும் கிடைக்காததாக, இந்த மண்ணின் சரக்கில் செய்ததாக இருக்க வேண்டும். அது எடுபட்டால் டாங்கிகள் இருக்கும். இல்லாவிட்டால் பீப்பாய்.

செலின் நன்னாரி பீர் காய்ச்சினாள். கருப்பட்டி போட்டு, கறுப்பாக. கரு தங்குவதற்கு முன்பே மனதில் போட்டு வைத்திருந்த பீர் அது. வேரைத் தானே போய்ப் பார்த்து வாங்கினாள். காலெல்லாம் வீங்கியிருந்தது. பூட்ஸ் நுழையாமல் செருப்போடு வேலை செய்தாள். முழுசாக ஆகும்வரை அவனுக்குக்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை, ஆராவமுதன் லீவு போட்டுவிட்டு வந்தான்.

அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"பிடிச்சுக் குடிங்க சார். எழுந்திருக்க முடியலை."

பிடித்தான். நல்ல நிறம். நுரை பால்கோவா மாதிரி நின்றது. ஒரு வாய் குடித்தான்.

நன்னாரி முன்னால் வந்தது. கருப்பட்டி வந்தது. அதற்குப் பின்னால், மழைக்காலத்தில் காயாமல் மடித்து பீரோவில் வைத்த துணி வந்தது. அது போகவே இல்லை.

அவன் அவள் காலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"பிரமாதம்," என்றான். "வெல் பேலன்ஸ்டு. எர்த்தி நோட்ஸ். ஃபினிஷ் ரொம்ப க்ளீன்."

செலின் அவனையே பார்த்தாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாங்கியின் அடியில் குனிந்து பெரிய குழாயைத் திறந்துவிட்டாள்.

கறுப்பு பீர் தரை முழுக்க நுரைத்துக்கொண்டு ஓடியது. அவள் செருப்பை நனைத்துக்கொண்டு, அவன் ஷூவை நனைத்துக்கொண்டு, சாக்கடைப் பொந்தில் போய் விழுந்தது.

"மேடம்! நான் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்!"

"நீங்க சொல்லலை," என்றாள் செலின்.

பீர் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

ஓட்டம் மெலிந்தபோது அவன், "ஈரத்துணி," என்றான். "மடிச்சு வெச்ச ஈரத்துணி."

"வேர்," என்றாள் அவள். "நான் இன்னும் கொதிக்க விட்டிருக்கணும்."

அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே தரையைக் கழுவினாள். அவன் ரப்பர் குழாயை வாங்கப் பார்த்தான். தரவில்லை.

*

கலிவரதன் வந்தபோது தரையில் இன்னும் நுரை இருந்தது. கையில் புது போஸ்டர் சுருள்.

"நன்னாரி எங்கம்மா?"

செலின் பொந்தைக் காட்டினாள்.

அவர் பொந்தைப் பார்த்தார். காலி டாங்கியைப் பார்த்தார். அங்கே நின்ற அந்நியனைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சுண்ணே."

"யார் சொன்னது?"

"இவர்."

"ஏன், நீ குடிச்சுப் பார்க்கலையா?"

"எனக்கு ருசி தெரியலைண்ணே. உண்டானதிலேர்ந்தே தெரியலை."

கலிவரதன் போஸ்டரைப் பெட்டிமேல் வைத்தார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா பீப்பாய் இறக்கியிருப்பீங்க."

"இறக்கித்தான் இருப்பேன்," என்றார் அவர். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. ஆராவமுதன் பக்கம் திரும்பினார். "நீ யாருய்யா?"

"சென்னைங்க. வாராவாரம் வரேன்."

"எதுக்கு?"

"பீர் குடிக்க."

"இங்க நல்லா இல்லைன்னு நீதான் சொல்ற. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டுப் பஸ் ஏறி வர்ற? வேற பப் இல்லையா?"

ஆராவமுதன் நனைந்த ஷூவைப் பார்த்தான்.

"நான் போன இடத்துலல்லாம் எனக்கு ஊத்தினாங்க சார். இங்கதான் தரையில ஊத்தினாங்க."

கலிவரதன் அந்த ஷூவைப் பார்த்தார். போஸ்டர் சுருளை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

மறுநாள் விழாவில் சாதாரண பீர்தான் ஓடியது. நன்னாரி என்று கேட்டு வந்தவர்களிடம், வாசலில் நின்று அவரே பதில் சொன்னார்.

"கெட்டுப்போச்சு, கொட்டிட்டோம்."

சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும், "கொட்டிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கலிவரதன் செலினிடம் வந்தார்.

"இன்னொரு தரம் காய்ச்சு. இதுவும் போச்சுன்னா பீப்பாய்தான். அதுக்கப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

*

இரண்டாவது தடவை செலின் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தூக்கியது, வேரை நசுக்கியது, கொப்பரையைக் கிண்டியது எல்லாம் ஆராவமுதன். வேர் கொதித்தது. போதுமா என்றான். இன்னும் என்றாள். போதுமா என்றான். இன்னும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எப்ப போதும்னு எப்படித் தெரியும்?"

"நீங்க கேட்கிறதை நிறுத்துவீங்க பாருங்க, அப்போ."

கேட்பதை நிறுத்திக் கிண்டினான். வெகுநேரம் கழித்து அவள் அடுப்பை அணைத்தாள்.

பிறகு டாங்கியில் ஊற்றி மூடினார்கள். வாராவாரம் வந்து ருசி சொன்னான். பச்சைக் கொய்யா என்றான். அவள் காத்திருந்தாள். வெண்ணெய்ச் சட்டி என்றான். காத்திருந்தாள். மண்பானை என்றான். அதற்கு அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

திறக்க வேண்டிய சனிக்கிழமை அவன் வந்து இறங்கியபோது, பப் வாசலில் கலிவரதன் மட்டும் நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"விடிகாலையில வலி வந்துடுச்சு. நான்தான் கார்ல கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்தேன்."

"எப்படி இருக்காங்க?"

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ வந்ததும் ஃபோன் போடச் சொல்லிச்சு."

இருவரும் பின்பக்கம் போனார்கள். அவள் உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது. ஆராவமுதன் ஒரு கிளாஸ் பிடித்தான். கலிவரதன் ஃபோனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, ஸ்டூல்மேல் நிறுத்தினார்.

"சார்," என்றாள் செலின். குரல் தளர்ந்திருந்தது. "குடிச்சீங்களா?"

"இப்பத்தான் பிடிச்சேன்."

"குடிங்க."

குடித்தான்.

"எப்படி இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். கொய்யாவைத் தேடினான். சட்டியைத் தேடினான், பாயைத் தேடினான், பானையைத் தேடினான். அம்மாவின் சமையலறையில் இருந்த எதுவும் வரவில்லை.

இன்னொரு வாய் குடித்தான்.

"சார்?"

கலிவரதன் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கியது. நிற்கவில்லை.

"சார், இருக்கீங்களா?"

காலிக் கிளாஸ் டக்கென்று ஸ்டூலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. ஃபோனுக்குப் பக்கத்தில்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"எனக்குக் கேட்டுடுச்சு," என்றாள் செலின். "போய் வாசக் கதவைத் திறங்க."